லோக்கூர் – டேனிஷ்பேட்டை பாதையில் ரயில்வே வேலை: ஏற்காட்டில் குடியிருந்து போய்வர முடியுமா?

அடிவாரம்_புதுசு

எல்லோருக்கும் வணக்கம். டிராக் மெயின்டெய்னர் (தண்டவாளப் பராமரிப்பு வேலை) நான்காம் நிலை, சேலம் கோட்டம், புது நியமனம். யூனிட் லோக்கூர் – டேனிஷ்பேட்டை பக்கம். மனைவிக்கு ஜூனிலிருந்து ஏற்காட்டில் ஒரு பள்ளியில் வேலை உறுதியாகிவிட்டது. குழந்தை யு.கே.ஜி. குடும்பமாக மலைமேலேயே வீடு எடுத்துக்கொண்டு நான் மட்டும் தினமும் பைக்கில் இறங்கிப் போய்வரலாமா? வரைபடத்தில் பார்த்தால் ஏற்காடும் லோக்கூரும் ஒட்டித்தான் இருக்கின்றன. வீட்டு வாடகைப்படி சேலம் கணக்கில் வருமா? மலையில் வீடு பிடிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாதை_மேட்

தம்பி, வாழ்த்துகள். வரைபடத்தை முதலில் மூடி வையுங்க. ஏற்காடு சேர்வராயன் மலையின் தலையில் இருக்கு. லோக்கூர் அதே மலையின் மேற்கு அடிவாரத்தில், காட்டை ஒட்டி. காக்கைக்குத்தான் அது பக்கம். உங்களுக்கு வழி எப்படின்னா ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் அடிவாரம், கோரிமேடு, ஊருக்குள் புகுந்து ஓமலூர், தேசிய நெடுஞ்சாலை 44-இல் தீவட்டிப்பட்டி, அங்கிருந்து உள்ளே திரும்பி டேனிஷ்பேட்டை, அதுக்கப்புறம்தான் லோக்கூர். மலையைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. வண்டி ஓடுகிற நேரம் மட்டும் ஒன்றே முக்கால் மணி. மழை, மூட்டம் என்றால் இரண்டரை ஆகும்.

பகல் டூட்டிதானே, காலையில் 5 மணிக்குக் கிளம்பினால் ஆச்சுன்னு தோணும். கேங் (பாதையைப் பராமரிக்கும் குழு) வேலை பகல் 8 மணிநேரம் என்பது உண்மை. ஆனால் பாதை வேலையில் வருஷம் முழுக்க ஒரே நேரம் கிடையாது. மழைக்காலத்தில் இரவு ரோந்து உண்டு. வெயில் காலத்தில் தண்டவாளத்தின் வெப்பம், அதைப் பூட்டின வெப்பநிலையைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறினால் ரோந்து போடுவாங்க. நீளமாக வெல்டு செய்த தண்டவாளம் விரிய இடமில்லாமல் பக்கவாட்டில் நெளிந்துவிடும், அதுக்காக. குளிரில் இதற்கு நேர் எதிர்: 30 டிகிரி கீழே இறங்கினால் தண்டவாளம் சுருங்கி வெல்டில் வெடிப்பு விழும். அந்த ரோந்து பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் வரும். அதாவது மலைரோட்டில் மூட்டம் கவிந்து கிடக்கிற அதே நேரத்தில் நீங்க கீழே பாதையில் நடந்தாகணும்.

ரோந்துக்காரர் கையில் என்ன இருக்கும்னு தெரிஞ்சாலே ஏன் தூங்காமல் வரக்கூடாதுன்னு புரியும். தோள் பையில் டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் வெடி) டப்பா, மூவர்ண கை விளக்கு, டார்ச், விசில், ரோந்துப் புத்தகம், எண் பட்டை. பாதையில் பாறை விழுந்து கிடக்கிறதோ தண்டவாளம் விட்டிருக்கிறதோ கண்ணில் பட்டால், சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே ரயில் வரும் திசையில் ஓடணும். அகலப் பாதையில் 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளி விட்டு மூன்று. இருட்டில், ஜல்லி மேல், மழையில் 1,200 மீட்டர். இந்த லைன் இரட்டைப் பாதை, மின்மயம், ராத்திரி முழுக்க வண்டி ஓடும். இரண்டு பாதையும் அடைபட்டிருந்தால் எந்தப் பக்கம் முதலில் ஓடுவது என்பதை அந்த நொடியில் முடிவு செய்யணும். மூன்று மணிக்கு எழுந்து இரண்டு மணிநேரம் பைக் ஓட்டி வந்த உடம்பை வைத்து அதைச் செய்ய முடியாது.

தினசரி போய்வருவது வேண்டாம் என்பது என் தீர்க்கமான கருத்து.

சூரமங்கலம்_வாசி

வாடகைப்படி கேட்டிருந்தீர்கள். பலர் இங்கேதான் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். படி எவ்வளவு என்பதை நீங்கள் குடியிருக்கும் ஊர் தீர்மானிப்பதில்லை, வேலை செய்யும் இடம்தான் தீர்மானிக்கும். இதற்காக ஊர்களை வகுப்பு பிரித்திருக்கிறார்கள். சேலம் நகரம் 'ஒய்' வகுப்பு, அங்கே அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம். லோக்கூர், டேனிஷ்பேட்டை 'இசட்' வகுப்பு, 10 சதவீதம். அகவிலைப்படி 50 சதவீதம் தொட்ட 2024 ஜனவரியிலிருந்து இந்த விகிதம். அடிப்படை 18,000 என்றால் உங்களுக்கு 1,800 ரூபாய். சேலம் ஜங்ஷனில் வேலை செய்பவருக்கு 3,600. நீங்கள் சேலத்தில் வீடு எடுத்தாலும், ஏற்காட்டில் எடுத்தாலும் 1,800தான். அதை வைத்துக்கொண்டு மலை வாடகைக்குக் கணக்குப் போடுங்கள்.

குவார்ட்டர்ஸ் எடுத்தால் இந்தப் படி நின்றுவிடும், உரிமக் கட்டணம் மட்டும் சம்பளத்தில் பிடிப்பார்கள். இருந்தாலும் பாதை ஆளுக்கு ஸ்டேஷன் ஓரத்துக் குவார்ட்டர்ஸ்தான் நிம்மதி. அங்கே காலி இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே எஸ்.எஸ்.இ. (உங்கள் பிரிவின் சீனியர் செக்‌ஷன் இன்ஜினியர்) ஆபீஸில் கேளுங்கள். பழைய கேங் குவார்ட்டர்ஸ் என்றால் ஒதுக்கீட்டில் கையெழுத்துப் போடும் முன் மேல்தளம் ஒழுகுகிறதா, கழிவறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா, மெயின் சுவிட்சில் எர்த் உள்ளதா என்று நேரில் பார்த்து, குறைகளை எழுத்தில் கொடுங்கள். சாவி வாங்கின பிறகு சொன்னால் பழுதுபார்க்கும் வரிசையில் கடைசி ஆள் நீங்கள். ஒதுக்கிய குவார்ட்டர்ஸை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், வாடகைப்படிக்கு அது தடையாகுமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளி வீடு என்றால் தீவட்டிப்பட்டியோ டேனிஷ்பேட்டையோ. தீவட்டிப்பட்டி நெடுஞ்சாலையில் இருப்பதால் சேலம், தர்மபுரி இரண்டு பக்கமும் பஸ் கிடைக்கும். இந்தப் பகுதிக்குத் தாலுகா ஆபீஸ் காடையாம்பட்டி. பொம்மிடி லோக்கூருக்கு ரயிலில் பக்கம்தான், ஆனால் அது தர்மபுரி மாவட்டம். ரேஷன் கார்டு, சாதிச் சான்று வேலைகள் அந்தப் பக்கம் போய்விடும்.

சேலத்திலிருந்து ரயிலில் போய்வரும் யோசனை இருந்தால் குடியிருப்பு அட்டை பாஸ் என்று ஒன்று உண்டு, விண்ணப்பிக்கலாம். ஆனால் லோக்கூரில் எல்லா வண்டியும் நிற்காது, பாசஞ்சர் நேரம் கேங் நேரத்தோடு ஒத்துப்போவதில்லை. அதை மட்டும் நம்பாதீர்கள்.

இருபதாவது_வளைவு

பாதை மேட் அண்ணன் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். 'மலையில் இருந்துகொண்டு ரயில்வே வேலை முடியாது' என்று பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சேலம் ஜங்ஷனில் நிலையான பகல் ஷிஃப்ட் உள்ளவர்களுக்கு, ஆபீஸ் வேலைக்கு, கஷ்டப்பட்டாலும் முடியும். லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்) மாதிரி ரன்னிங் ஸ்டாஃபுக்குச் சுத்தமாக ஆகாது. டூட்டி அழைப்பு சுமார் 2 மணிநேரம் முன்னால்தான் வரும். 8 மணிநேரம் தாண்டி ஓட்டியவருக்கு ஹெட்குவார்ட்டர்ஸில் (அவருடைய சொந்த டூட்டி ஊரில்) 16 மணிநேரம் ஓய்வு, அதற்குக் குறைவாக ஓட்டியவருக்கு 12. அந்த ஓய்வில் மூன்று மணிநேரத்தை மலைரோடு தின்றுவிட்டால் தூக்கம் எங்கே மிஞ்சும்? லோக்கூர் கேங்குக்கு அண்ணன் சொன்னதே சரி.

வாரம் ஒருமுறையாவது மலை ஏறி இறங்கத்தான் போகிறீர்கள், அதனால் பைக் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும். நேரான இறக்கத்தில் இரண்டாவது, கொண்டை ஊசியில் தேவைப்பட்டால் முதலாவது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதும், எஞ்சினை நிறுத்துவதும் உயிரோடு விளையாடுவது. கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் இங்கே பெரிய ஆபத்து. ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் கிளட்ச் விலகிவிடும், எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். பாதி இறக்கத்தில் டிரம் சூடேறி ஷூ கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகும். லீவரை அழுத்தினால் கை உள்ளே போகும், வண்டி நிற்காது. கருகல் வாடை வந்தாலோ லீவர் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ ஓரங்கட்டி 20 நிமிஷம் ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறின ஆயில் சீக்கிரம் கொதித்து, குழாயில் ஆவி நிரம்பி, பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும். டயரைத் தேய்மான அடையாளக் கட்டை தெரியும்வரை ஓட்டாதீர்கள். சமவெளியில் ஓடுகிற டயர் இங்கே ஈரச் சருகின் மேல் வழுக்கும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும், அது சட்டமும்கூட. மூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம்தான். சனி, ஞாயிறு, மே மாதக் கோடை விழா நாட்களில் வெளியூர் வண்டிகள் வளைவில் பிரேக்கை மிதித்து நின்றுவிடும். முன்வண்டியோடு ஒட்டாதீர்கள்.

கனமழை அறிவிப்பு இருந்தால் வீட்டுக்குக் கிளம்பவே வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண்சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். அப்படி மாட்டினால் நீங்கள் டூட்டிக்கு வர முடியாது. பாதைக்கு ஆள் மிக அதிகமாகத் தேவைப்படுவது அந்த நாளில்தான்.

காப்பித்தோட்டத்து_வீடு

மனைவியும் குழந்தையும் மலைமேல் தங்குவதாக இருந்தால் வீடு பார்ப்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

வெயில் நாளில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீங்க. இரண்டு நாள் மழை பெய்த பிறகு போங்க. உள்ளே நுழைந்ததும் சுவர் அலமாரியின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்க. பூஞ்சை வாடை அங்கேதான் ஒளிந்திருக்கும், ஹாலில் புதுப் பெயிண்ட் வாசனை அதை மறைத்துவிடும். அடுத்து, மேட்டுப் பக்கம் மண்ணை ஒட்டியிருக்கும் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்க. ஜில்லென்று ஒட்டினாலோ சுண்ணாம்பு பொடியாகக் கையில் வந்தாலோ அந்தச் சுவர் மண்ணின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. பெயிண்ட் அடித்தால் தீராது. வெளியே சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டால்தான் தீரும். வீட்டுக்காரர் அதைச் செய்து தருவாரா என்று கேளுங்க. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கணும். மழை மாதங்களில் துணி அலமாரிக்குள் சின்ன குண்டு பல்பு எரியவிடுவது இங்கே வழக்கம். துணியில் படாமல் தொங்கவிடுங்க.

தண்ணீர். மலையில் இவ்வளவு மழை பெய்தும் ஏப்ரல், மே மாதங்களில் கிணறும் போரும் அடி காட்டும். 'தண்ணி எப்பவும் வரும்' என்ற பதிலை ஏற்காதீங்க. 'போன மே மாசம் எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்தது, லாரி தண்ணி வாங்கினீங்களா' என்று பக்கத்து வீட்டில் கேளுங்க. மூன்று பேருக்குச் சிக்கனமாக நாளைக்கு 300 லிட்டர். நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்றால் 1,200 லிட்டர் ஆச்சு, 1,000 லிட்டர் டேங்க் போதாது.

இப்போ சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படிங்க. குளிருக்குக் குளியலறையில் கேஸ் கீசர் மாட்டியிருப்பாங்க. ஜன்னலை அட்டை வைத்து அடைத்துவிட்டுக் குளிப்பாங்க. அந்தச் சின்ன அறையில் கேஸ் எரிந்து பிராணவாயு தீர்ந்ததும் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலை சுற்றுகிறதே என்று நினைக்கும்போதே கால் மடங்கிவிடும், கதவைத் திறக்க முடியாது. கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே இருக்கணும், குழாய் மட்டும் உள்ளே வரணும். மின் கீசர் என்றால் 16 ஆம்பியர் பிளக், தனி வயர், எர்த் மூன்றையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே குழந்தையைக் குளிக்கவிடணும். கரி அடுப்பைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்துவதும் இதே ஆபத்துதான்.

ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடுவாங்க. மே மாதத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டால் ஒரு வாரத்தில் ஒரு மாத வாடகை கிடைக்கும் என்பதால் ஏப்ரலில் காலி செய்யச் சொல்லும் வழக்கம் உண்டு. இடையில் காலி செய்யச் சொன்னால் இரண்டு மாத அவகாசம் என்று எழுத்தில் வாங்குங்க. பள்ளியிலிருந்து வீட்டுக்குத் தோட்டத்து வழியாக நடக்க வேண்டியிருந்தால் அந்த வீடு வேண்டாம். இருட்டும் நேரத்தில் காட்டெருமை காப்பிச் செடிக்குள் நிற்கும், பத்தடி வரும்வரை தெரியாது. தார் ரோடு, தெருவிளக்கு உள்ள இடமாகப் பாருங்க.

அடிவாரம்_புதுசு

எல்லோருக்கும் மிக்க நன்றி. தினசரி போய்வரும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இன்னொரு வழி கேட்கிறேன். அயோத்தியாப்பட்டணம் பக்கம் மாறுதல் கேட்டால் என்ன? அங்கிருந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ரோடு இருக்கிறதே. இப்போதே கேட்கலாமா?

பாதை_மேட்

அயோத்தியாப்பட்டணம் விருத்தாசலம் லைனில் இருக்கு. குப்பனூர், கொட்டச்சேடு வழியா ஏறினால் சேலம் ஊருக்குள் புகாமலே ஏற்காடு போயிடலாம், அது உண்மை. ஆனால் அந்த ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைவு, ராத்திரி பஞ்சர் ஆனால் உதவிக்கு யாரும் வரமாட்டாங்க. மழையில் அதுவும் சரியும். இரவு ரோந்துப் பிரச்சினை அங்கேயும் அப்படியேதான் இருக்கும்.

மாறுதல் விஷயத்தில் ஒன்றைப் பிரித்துப் பாருங்க. சேலம் கோட்டத்துக்குள்ளேயே, அதே சீனியாரிட்டி யூனிட்டுக்குள் (ஒரே பணிமூப்புப் பட்டியலில் வருகிற பிரிவுக்குள்) இடம் மாறினால் சீனியாரிட்டி போகாது. சொந்த விருப்பத்தில் வேறு கோட்டத்துக்குப் போனால் அங்கே இருக்கிறவங்க எல்லோருக்கும் கீழே போயிடுவீங்க. மியூச்சுவல், அதாவது இரண்டு பேர் பேசி இடம் மாற்றிக்கொள்வது என்றால் இரண்டு பேரில் யாருக்குக் குறைவோ அந்த சீனியாரிட்டிதான் இரண்டு பேருக்கும். ஊர்ப்பக்கம் போகணும்னு அவசரப்பட்டு எழுதிக் கொடுத்தால் கீமேன் (தினமும் பாதையை நடந்து சோதிப்பவர்), மேட் (கேங்கின் தலைவர்) என்று ஏறும் படிகள் தள்ளிப்போகும். சேர்ந்த உடனே கேட்காதீங்க. பயிற்சி முடிஞ்சு, ஒரு மழைக்காலம், ஒரு கோடை இரண்டையும் அந்தப் பாதையில் பார்த்த பிறகு கோட்டத்துக்குள் மாறுதலுக்குப் பதிவு பண்ணுங்க.

அதுவரை நீங்க டேனிஷ்பேட்டையில், அவங்க ஏற்காட்டில். வார ஓய்வுக்கு முந்தின நாள் வேலை முடிஞ்சதும் நேரே மலையேறாதீங்க. குளிச்சு, சாப்பிட்டு, இரவு ரோந்து முடிச்ச நாளாக இருந்தால் குறைந்தது ஐந்து மணிநேரம் தூங்கி, வெளிச்சத்தில் ஏறுங்க. திரும்பும்போதும் டூட்டிக்கு முந்தின மாலையே இறங்கிடுங்க.

குன்னூர்_பல்சக்கரம்

மலையும் வேண்டும் ரயில்வேயும் வேண்டும் என்று இந்த இழையைப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது. ஆனால் 2007 நவம்பரில் தொடங்கிய சேலம் கோட்டத்தில்தான் நீலகிரி மலை ரயிலும் வருகிறது. மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 1,000 மில்லிமீட்டர் அகலம், 208 வளைவு, 16 குகை. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏறும், எஞ்சின் கீழிருந்து தள்ளும், ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்ஸ்மேன் நிற்பார். அங்கே பாதை வேலை என்றால் தண்டவாளம் இரண்டோடு நடுவிலுள்ள பல்சட்டத்தையும் பார்க்க வேண்டும். அதன் போல்ட் தளர்ந்தாலோ பல்லில் கல் சிக்கினாலோ எஞ்சினின் பல்சக்கரம் ஏறி விழும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து வண்டி நிற்பதும், மண்வெட்டியும் கடப்பாரையுமாக நாள்கணக்கில் அள்ளுவதும் வழக்கமான வேலை. அதற்குத் தயாராக இருப்பவர் குன்னூரைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அங்கே வேலையும் வீடும் ஒரே மலையில் இருக்கும்.

சூரமங்கலம்_வாசி

புதுசு தம்பிக்கு ஒன்று விட்டுப்போச்சு. மருத்துவத்துக்கான உமீத் அட்டையில் மனைவி, குழந்தை பெயரைச் சேர்ந்த மாதமே ஏற்றிவிடுங்கள். ஆதார், திருமணச் சான்று, பிறப்புச் சான்று மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலும் திருப்பிவிடுவார்கள். இரண்டு இடத்தில் குடும்பம் இருப்பதால் அட்டையின் நகல் ஏற்காட்டு வீட்டிலும் ஒன்று இருக்கட்டும். ராத்திரி குழந்தைக்கு முடியாமல் போனால் முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனை. அங்கிருந்து கீழே அனுப்பினால் 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த 20 வளைவும் இறங்க வேண்டாம்.